வழிதவறிய வாலிபருக்குக் கொடுப்பது வீணா?
ஆப்பிரிக்காவின் இரு நகரங்கள் தரும் பதில்



எங்களைக் காண வரும் நண்பர்களும் கடிதம் எழுதும் சபையாரும் அவ்வப்போது ஒரு கேள்வியைக் கேட்பதுண்டு. "நோயாளிக்கு மருந்து வாங்கக் கொடுக்கிறோம், அது புரிகிறது. பள்ளிக்கூடம் கட்டக் கொடுக்கிறோம், அதுவும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் திருட்டிலும் போதையிலும் அடிதடியிலும் விழுந்துவிட்ட வாலிபருக்காகக் கொடுத்தால் அந்தப் பணம் என்ன ஆகிறது? ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுபோல் அல்லவா?" கொடுக்கிறவர்கள் கேட்க வேண்டிய நியாயமான கேள்விதான் இது. இதற்கு உணர்ச்சி ததும்பப் பதில் சொல்வது எளிது. அதைவிட, நடந்ததைச் சொல்வது நல்லது என்று எண்ணி, ஆப்பிரிக்காவின் இரு நகரங்களில் நடந்த இரு பணிகளை இந்த இதழில் விளக்குகிறோம். ஒன்று கென்யாவின் நைரோபி. மற்றொன்று லைபீரியாவின் மன்ரோவியா.

வாலிபரின் கண்டம்

உலகின் கண்டங்களில் ஆப்பிரிக்காவே மிகவும் இளமையானது. அங்குள்ள மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இருபது வயதைத் தாண்டாதவர்கள். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான வாலிபர் வேலை தேடி நகரங்களுக்கு வருகிறார்கள். அத்தனை பேருக்கும் வேலை இல்லை. எனினும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிடைத்த கூலி வேலையைச் செய்து, தலையில் சுமை சுமந்து, தெருவோரத்தில் பொருள் விற்று நேர்மையாகவே வாழ்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வறுமையில் வாழும் வாலிபரை எல்லாம் குற்றவாளிகளாகப் பார்க்கும் கண் நமக்கு வேண்டாம்.

ஆப்பிரிக்க நாடுகளும் இதை உணர்ந்திருக்கின்றன. 2006 ஜூலையில் காம்பியா நாட்டின் பாஞ்சுல் நகரில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஆப்பிரிக்க இளைஞர் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. அது 2009 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களை அது இளைஞர் என்று கணக்கிடுகிறது. அவர்களுக்குரிய உரிமைகளோடு, குடும்பத்துக்கும் ஊருக்கும் நாட்டுக்கும் அவர்கள் செய்ய வேண்டிய கடமைகளையும் அது எடுத்துரைக்கிறது. வாலிபர் உதவியைப் பெறுகிறவர்கள் மட்டுமல்லர், ஊரைக் கட்டுகிறவர்களுமாவர் என்பதே அதன் கருத்து. இந்தக் கருத்து ஏட்டில் எழுதப்படுவதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே நைரோபியின் ஒரு குடிசைப் பகுதியில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

மத்தாரே: குப்பை அள்ளினால் ஆறு புள்ளி

நைரோபி நகரிலுள்ள மத்தாரே மிகப் பழைய குடிசைப் பகுதிகளுள் ஒன்று. தகரக் கூரை வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். சாக்கடை திறந்து ஓடும். மாநகராட்சியின் குப்பை வண்டி எட்டிப் பார்க்காத சந்துகள் அங்கே ஏராளம். அடைத்துக்கொண்ட சாக்கடை நோயைப் பெருக்கும். வேலையற்ற கைகளைத் தேடிக் கள்ளச் சாராயமும் திருட்டுக் கூட்டங்களும் வரும்.

1987-ஆம் ஆண்டு பாப் மன்ரோ என்ற கனடா நாட்டவர் அங்குள்ள சிறுவர்களோடு சேர்ந்து மத்தாரே இளைஞர் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார். பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டிக் கயிற்றால் கட்டிய பந்தை உதைத்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்குப் பந்தும் போட்டிகளும் ஏற்பாடாயின. ஆனால் இலவசமாக அல்ல. விளையாடுகிறவர்கள் தங்கள் தெருவைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை.

அந்த நிபந்தனை போட்டியின் விதியாகவே எழுதப்பட்டது. ஓர் ஆட்டத்தில் வென்றால் அணிக்கு மூன்று புள்ளி. ஒரு துப்புரவுப் பணியை முடித்தால் ஆறு புள்ளி. ஆகவே, எவ்வளவு நன்றாகப் பந்து உதைத்தாலும், சாக்கடையில் இறங்காத அணி கோப்பையை எதிர்பார்க்க முடியாது. பையன்கள் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக இறங்கினார்கள். 1992-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு இவர்களுக்கு "குளோபல் 500" விருதை அளித்தது. அதே காலத்தில் பெண் பிள்ளைகளுக்கும் அணிகள் தொடங்கின. எய்ட்ஸ் நோய் ஆப்பிரிக்காவை வாட்டிய 1990-களில், இந்த வாலிபரே பயிற்சி பெற்றுத் தங்கள் வயதையொத்தவர்களுக்கு அந்நோயைப் பற்றி எடுத்துச் சொன்னார்கள். இங்கிருந்து உருவான மத்தாரே யுனைடெட் அணி 2008-இல் கென்யாவின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டித் தொடரையே வென்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, சங்கத்தின் குழுக்களில் முடிவெடுக்கிறவர்கள் அந்தப் பிள்ளைகளும் வாலிபருமே. இரண்டாவது, உதவிக்கு ஈடாக உழைப்பு கேட்கப்படுகிறது. ஊருக்காக உழைத்து அதிகப் புள்ளி சேர்ப்பவர்களின் கல்விக் கட்டணம் அவர்கள் படிக்கும் பள்ளிக்கே செலுத்தப்படுகிறது. தான் சுத்தம் செய்த தெருவை ஒரு பையன் தன் தெருவாக எண்ணத் தொடங்குகிறான். அப்படி எண்ணுகிறவன் அந்தத் தெருவைக் காக்கவும் முன்வருவான்.

ஏற்கெனவே விழுந்துவிட்டவர்கள்

மருத்துவமனையில் நாங்கள் அன்றாடம் காண்பது ஒன்று உண்டு. தடுப்பூசி வேறு, சிகிச்சை வேறு. மத்தாரேயில் நடப்பது தடுப்பூசி போன்றது. பிள்ளைகளை வழிதவறும் முன்பே பிடித்துக்கொள்கிறது. ஆனால் தடுப்பூசிக்குக் காலம் கடந்துவிட்டவர்களை என்ன செய்வது? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் பெரியோர் கேட்டார்கள். இருபத்தைந்தில் வளையுமா என்று பார்க்க முயன்ற இடம்தான் மன்ரோவியா.

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள லைபீரியா, அமெரிக்காவிலிருந்து திரும்பிய விடுதலை பெற்ற அடிமைகளால் நிறுவப்பட்டு, 1847-இல் சுதந்திர நாடானது. அந்நாட்டை 1989 முதல் 2003 வரை, நடுவே சிறு இடைவெளி விட்டு, இரண்டு உள்நாட்டுப் போர்கள் நாசமாக்கின. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. பத்து வயதுப் பையன்கள் கையிலும் துப்பாக்கி திணிக்கப்பட்டது. 1990 ஜூலையில் மன்ரோவியாவின் புனித பேதுரு லூத்தரன் ஆலயத்துக்குள் அடைக்கலம் புகுந்திருந்த ஏறத்தாழ 600 பேரை, பெண்கள் குழந்தைகள் என்று பாராமல், அரசுப் படையினரே கொன்று குவித்தனர்.

அதே ஆலயத்தை மையமாகக் கொண்டு பின்னர் மனக்காயம் ஆற்றும் பணி ஒன்று நடந்தது. அதில் ஊழியம் செய்த லேமா போவி என்ற லூத்தரன் சபைப் பெண்மணி, போரில் சிறுவர்களாக ஆயுதம் ஏந்தியவர்களோடு உட்கார்ந்து பேசிப் பழகியவர். 2003-இல் கிறிஸ்தவப் பெண்களையும் இஸ்லாமியப் பெண்களையும் வெள்ளை உடையில் ஒன்றாகத் திரட்டிப் போர் ஓயக் குரல் கொடுத்தார். 2011-இல் நோபல் சமாதானப் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

போர் நின்றபின் ஐக்கிய நாடுகளின் மேற்பார்வையில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆயுதத்தை ஒப்படைத்தார்கள். துப்பாக்கி போயிற்று. ஆனால் துப்பாக்கியோடு வளர்ந்த மனம் அப்படியே இருந்தது. படிப்பு நின்றுபோன, குடும்பத்தால் ஒதுக்கப்பட்ட வாலிபர் பலர் மன்ரோவியாவின் தெருக்களிலும் கல்லறைத் தோட்டத்திலும் கூடப் படுத்துறங்கி, திருடியும் போதைப்பொருள் விற்றும் காலம் தள்ளினர்.

எட்டு வாரப் பயிற்சி

"நெப்பி" என்ற சுருக்கப் பெயர் கொண்ட உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்று இப்படிப்பட்டவர்களிடையே பல ஆண்டுகள் பணி செய்து, ஒரு முறையைத் தானாகவே உருவாக்கி வைத்திருந்தது. கிறிஸ்டோபர் பிளாட்மன், ஜூலியன் ஜேமிசன், மார்கரெட் ஷெரிடன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2009 முதல் அதனோடு சேர்ந்து, அந்த முறை உண்மையிலேயே பலன் தருகிறதா என்று சோதித்துப் பார்த்தார்கள்.

பணியாளர் மன்ரோவியாவின் தெருக்களில் நடந்து சென்று 999 பேரை அழைத்தார்கள். அவர்களுடைய சராசரி வயது 25. நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் போரில் ஏதோ ஓர் ஆயுதக் குழுவில் இருந்தவர்கள். நாலில் ஒருவருக்கு வீடில்லை. முந்தின இரண்டு வாரங்களுக்குள் ஏதாவது திருடியதாகப் பாதிக்கும் மேற்பட்டோர் ஒப்புக்கொண்டார்கள். நல்ல பையன்களைப் பொறுக்கி எடுத்து நல்ல பலன் காட்டும் ஏற்பாடல்ல இது என்பதைக் கவனியுங்கள்.

பயிற்சி எட்டு வாரம் நடந்தது. ஏறத்தாழ இருபது பேர் கொண்ட குழு, வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம் கூடும். வழிநடத்துகிறவர்களில் பெரும்பாலோர் இதே பயிற்சியை முன்பு முடித்தவர்கள். தெருவையும் போதையையும் அறிந்தவர்கள். "உனக்கு என்ன தெரியும்?" என்று அவர்களைப் பார்த்து யாரும் கேட்க முடியாது. கூடாத நாட்களில் அவர்கள் வாலிபரை அவரவர் இருக்கும் இடத்திலேயே போய்ப் பார்ப்பார்கள்.

பயிற்சியில் கற்றுக்கொடுத்தது என்ன? மருத்துவர்கள் இதை அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பார்கள். எண்ணம் மாறினால் செயல் மாறும், செயலைப் பழகப் பழக எண்ணமும் மாறும் என்பதே அதன் அடிப்படை. மனச்சோர்வுக்கும் பயத்துக்கும் மருத்துவமனைகளில் பயன்படும் முறைதான். அதையே இங்கே கோபத்துக்கும் திருட்டுக்கும் பயன்படுத்தினார்கள்.

ஒருவன் தன்னை அவமதித்தால் உடனே கை ஓங்காமல் மூச்சை ஆழ இழுத்து விட்டு அந்த இடத்தை விட்டு நகர்வது எப்படி என்று நடித்துப் பழகினார்கள். நாளைக்கு என்ன செய்வது, அடுத்த மாதம் என்ன செய்வது என்று சிறு திட்டம் போடப் பழகினார்கள். முடி வெட்டி, குளித்து, துவைத்த சட்டையும் காலணியும் அணிந்து வரக் கற்றார்கள். பிறகு வீட்டுப்பாடம் தரப்பட்டது. ஒரு வங்கிக்குள் போய் விசாரித்து வா. பெரிய கடைக்குள் நுழைந்து பொருட்களின் விலை கேட்டு வா. பிரிந்துபோன உன் குடும்பத்தாரைப் பார்த்துப் பேசி வா.

இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் விரட்டியடிக்கப்பட்டவனை, அன்று கடைக்காரர் "வாருங்கள், என்ன வேண்டும்?" என்று கேட்கிறார். தன்னைத் திருடன் என்று மட்டுமே எண்ணியிருந்தவனுக்கு, தான் வேறு மனிதனாகவும் இருக்க முடியும் என்பதற்கு முதல் சாட்சி கிடைக்கிறது.

சிகிச்சை மட்டுமா, பணம் மட்டுமா?

எந்த உதவி பலன் தந்தது என்று அறிய, அந்த 999 பேரும் குலுக்கல் முறையில் நான்கு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு எட்டு வாரப் பயிற்சி மட்டும். இன்னொரு பிரிவுக்கு 200 அமெரிக்க டாலர் பணம் மட்டும். மூன்றாவது பிரிவுக்குப் பயிற்சியும் அதன்பின் பணமும். நான்காவது பிரிவுக்கு இரண்டும் இல்லை. 200 டாலர் என்பது அவர்களுக்குச் சில மாத வருமானம். அதை எப்படிச் செலவிட வேண்டும் என்று யாரும் நிபந்தனை விதிக்கவில்லை.

குடித்தே அழிப்பார்கள் என்று எண்ணியவர்கள் பலர். அப்படி நடக்கவில்லை. உணவு, உடை, வாடகை, சிறு வியாபாரம் என்றே பெரும்பகுதி போயிற்று. மதுவுக்கும் போதைக்கும் போனது மிகக் குறைவு. ஆனால் பணம் நிலைக்கவும் இல்லை. அந்த நகரத்தின் ஏழைத் தெருக்களில் சேமித்த பணமும் வாங்கிய சரக்கும் திருட்டுப் போவது சாதாரணம். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது வருமானத்தில் ஏற்பட்ட உயர்வு கரைந்துபோயிருந்தது.

குற்றத்தின் கணக்கோ வேறு விதமாக இருந்தது. பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் தொடக்கத்தில் நல்ல மாற்றம் தெரிந்து, நாளடைவில் மங்கியது. பணம் மட்டும் பெற்றவர்களிடம் நிலையான மாற்றம் இல்லை. பயிற்சியும் பணமும் சேர்த்துப் பெற்றவர்களிடமோ திருட்டும் போதைப்பொருள் விற்பனையும் ஓராண்டுக்குப் பிறகும் குறைந்தே இருந்தன. இந்த முடிவுகள் 2017-இல் வெளியாயின.

"கேட்டால் நல்லபடியாகத்தானே சொல்வார்கள்?" என்று சிலர் ஐயுறலாம். ஆய்வாளர்களும் அப்படியே ஐயுற்றார்கள். ஆகவே ஏறத்தாழ 300 பேரைத் தேர்ந்தெடுத்து, லைபீரியப் பணியாளர் அவர்களோடு பல நாட்கள் பழகி, நம்பிக்கை வந்தபின் பேச்சோடு பேச்சாகச் சரிபார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் தங்கள் குற்றத்தை மறைத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களை மீண்டும் தேடிச் சென்றார்கள். இடையில் 2014-இல் எபோலா கொள்ளைநோய் அந்நாட்டைத் தாக்கியிருந்தது. இறந்தவர்களும் உண்டு. எனினும் உயிரோடிருந்தவர்களில் பெரும்பாலோரைக் கண்டுபிடித்தார்கள். பயிற்சியும் பணமும் சேர்த்துப் பெற்றவர்களிடம், எதுவும் பெறாதவர்களை விட, குற்றமும் வன்செயலும் ஏறத்தாழப் பாதியாக இருந்தன. தொடக்கத்தில் யார் மிக மோசமான நிலையில் இருந்தார்களோ, அவர்களிடமே மாற்றமும் மிகுதியாக இருந்தது. இந்தப் பத்தாண்டுப் பலனுக்கு ஒருவருக்கு ஆன செலவு, கொடுத்த பணத்தையும் சேர்த்து, ஏறத்தாழ 530 டாலர்.

பணம் கரைந்தும் பலன் நின்றது ஏன்?

பணம் ஓராண்டுக்குள் கரைந்துவிட்டது. பிறகு பத்தாண்டுப் பலன் எங்கிருந்து வந்தது? ஆய்வாளர்கள் தரும் விளக்கம் மருத்துவமனைப் பணியாளர்களுக்கு நன்றாகவே புரியும்.

கால் முறிந்தவருக்கு எலும்பு கூடியபின் கட்டைப் பிரிக்கிறோம். அன்றே அவர் ஓடமாட்டார். சில வாரம் ஊன்றுகோலோடு நடந்து பழக வேண்டும். ஊன்றுகோல் பிறகு மூலையில் கிடக்கும். நடை அவருடையதாகிவிடும். மன்ரோவியா வாலிபருக்கு எட்டு வாரப் பயிற்சி எலும்பைக் கூட்டியது. பயிற்சி முடிந்த மறுநாளே பசிக்காகத் தெருவுக்குத் திரும்ப நேர்ந்திருந்தால், கற்றதெல்லாம் போயிருக்கும். கையிலிருந்த 200 டாலர் அவர்களுக்குச் சில மாத அவகாசம் தந்தது. வாடகை கொடுத்தார்கள், சிறு கடை வைத்தார்கள், நல்ல உடையில் நடமாடினார்கள். அந்த மாதங்களில் புதிய பழக்கம் ஊறியது. அக்கம்பக்கத்தார் அவர்களைப் புதிய பெயரால் அழைக்கத் தொடங்கினார்கள். வியாபாரம் நொடித்தபோது பழக்கம் நொடிக்கவில்லை.

இங்கே பணம் வாங்கிக் கொடுத்தது பொருளை அல்ல, பழகுவதற்கான காலத்தை. கொடுக்கிறவர்கள் மனதில் இருத்த வேண்டியது இதுவே என்று நாங்கள் எண்ணுகிறோம்.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. இவர்கள் செல்வந்தர் ஆகிவிடவில்லை. பெரும்பாலோர் இன்னும் ஏழைகளே. பலன் பாதி என்றால் மீதிப் பாதி இருக்கிறது என்றும் பொருள். லைபீரியாவில் இப்போது "குஷ்" என்ற கொடிய போதைப்பொருள் புதிய தலைமுறையை அழிக்கிறது. 2024 ஜனவரியில் அதிபர் ஜோசப் போவாக்காய் போதைப் பழக்கத்தைத் தேசியப் பொதுச் சுகாதார அவசரநிலையாக அறிவிக்க வேண்டியதாயிற்று. இந்தப் பணி இன்னும் முடியவில்லை.

எனினும் மன்ரோவியாவின் பாடம் மன்ரோவியாவோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரில் துப்பாக்கிச் சண்டையில் சிக்கிய ஆண்களுக்காக 2017-இல் தொடங்கிய ஒரு திட்டம், இதே வகைச் சிகிச்சையோடு கூலி வேலையையும் சேர்த்து அளித்தது. லைபீரியாவில் கண்டது அதற்குத் தூண்டுதலாக இருந்தது. மேலைநாடுகள் கற்றுக்கொடுக்க, ஆப்பிரிக்கா கற்றுக்கொள்ளும் என்றே நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். இந்தக் காரியத்தில் கற்றுக்கொடுத்தது ஆப்பிரிக்காவின் வாலிபர்.

கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

வாலிபர் பணிக்கென்று உதவி கேட்டு உங்களிடம் யார் வந்தாலும், பின்வரும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. வழிநடத்துகிறவர்களில் அதே தெருவிலிருந்து வந்தவர்கள் உண்டா? புத்தி சொல்ல ஆயிரம் பேர் உண்டு. உடன் நடந்தவர் சொல்லும்போதுதான் காதில் விழும்.

2. வாலிபரிடம் ஏதாவது கேட்கப்படுகிறதா? மத்தாரேயில் ஆறு புள்ளிக்கு ஒரு துப்புரவுப் பணி. மன்ரோவியாவில் வீட்டுப்பாடம். கேட்காமல் கொடுப்பது பலவேளைகளில் அவர்களைச் சிறுமைப்படுத்தும்.

3. பயிற்சி முடிந்த மறுநாள் என்ன ஏற்பாடு? சான்றிதழ் கொடுத்துப் படம் எடுப்பதோடு முடிந்தால், ஊன்றுகோல் இல்லாமல் அனுப்பிய நோயாளியைப் போலத்தான்.

4. மிக மோசமான நிலையில் உள்ளவர்களைச் சேர்க்கிறார்களா, அல்லது எளிதானவர்களை மட்டுமா? கைவிடப்பட்டவர்களிடமே பலன் அதிகம் என்பதை மன்ரோவியாவில் கண்டோம்.

இந்த நான்குக்கும் தெளிவான பதில் இருந்தால், அந்தப் பானையில் ஓட்டை இல்லை என்று நம்பிக் கொடுக்கலாம். பலனை அடுத்த மாத அறிக்கையில் தேட வேண்டாம். மன்ரோவியாவில் அதை முழுமையாகக் காணப் பத்து ஆண்டுகள் ஆயின. அந்தப் பத்தாண்டில் எத்தனையோ கடைக்காரர்கள் திருட்டுக்குத் தப்பினார்கள், எத்தனையோ தாய்மார் இரவில் நிம்மதியாகத் தூங்கினார்கள். அவர்கள் பெயர் எந்தக் கணக்கேட்டிலும் இல்லை.

மத்தாரேயின் பிள்ளைகளையும் மன்ரோவியாவின் வாலிபரையும், அவர்களோடு நடக்கிறவர்களையும் உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.

– மருத்துவமனைக் குருவானவர்